டிவியைக் காட்டாத படம்

எங்கள் அண்ணிக்குக் கடையில் வைத்திருக்கும் பெயர் மியூட். பெயரைக் கேட்டு வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணி வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவர் வேலை பார்ப்பது ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடையில், டிவி பிரிவில். ஒரு சுவர் முழுக்க டிவி. அத்தனையும் சத்தமில்லாமல்தான் ஓட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். எல்லாவற்றுக்கும் சத்தம் வைத்தால் வாங்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு மிக்ஸி பிரிவுக்கு ஓடிவிடுவார்கள், அங்கே இதைவிட அமைதி என்பார் அண்ணி. புதிதாகச் சேர்ந்த யாராவது ரிமோட்டில் கை வைத்துவிட்டால், கடையின் அந்தக் கோடியிலிருந்து "மியூட்!" என்று ஓர் அதட்டல் வரும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

முதலாளிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. விற்பனைக்கு இருப்பவர்கள் உட்காரக் கூடாது. சோபா விற்பவர்கள்கூட நின்றுகொண்டுதான் சோபாவின் சுகத்தை விளக்க வேண்டும். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கடையில் சேர்ந்தவர். காலையிலிருந்து கடை அடைக்கும் வரை நிற்பார். எதிரே சுவர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சுவரில் ஓடுவதற்கென்று முதலாளியின் மருமகன் சில படங்களை ஒரு சின்னப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். எந்த நாட்டுப் படம், என்ன பாஷை, யார் எடுத்தது, ஒன்றும் யாருக்கும் தெரியாது. நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும், அதுதான் முதலாளிக்கு முக்கியம். அதே படங்கள்தான் வருஷக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வந்தன. அண்ணி பார்த்த அளவுக்கு அந்தப் படங்களை எடுத்தவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

காது அடைத்துக் கிடந்ததால் கண் வேறு மாதிரி வேலை செய்திருக்கிறது. அழ வைக்கும் இடத்தில் கேமரா முகத்துக்குக் கிட்டே போகும், சிரிக்க வைக்கும் இடத்தில் தள்ளி நிற்கும் என்பது அவர் கண்டுபிடித்த முதல் விஷயம். "கிட்டப் போனா யாரு வேணா பாவமாத் தெரிவாங்க. தூரத்துல நின்னு பாருங்க, உங்க அண்ணனே காமெடியன்தான்" என்பார்.

அடுத்தது துடைப்புக் கணக்கு. டிவித் திரைகளை மெல்லிய துணியால் மேலிருந்து கீழே துடைப்பது அவர் வேலை. சண்டைப் படம் ஓடும்போது அரைத் துடைப்புக்குள் காட்சி மாறிவிடும். சிரிப்புப் படத்தில் ஒரு முழுத் துடைப்பு, சில நேரம் இரண்டு துடைப்புகூட ஆள் அசையாமல் நிற்பான். "சிரிப்புக்கு நேரம் குடுக்கணும். பாக்கிறவன் மூளை எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வர வேணாமா?" என்பது அண்ணியின் விளக்கம்.

மூன்றாவதை நான் எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவார்கள் என்று நினைக்கவில்லை. ஒரே படம் எல்லா டிவியிலும் ஒரே நேரத்தில் ஓடாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கொஞ்சம் பின்தங்கும். ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுகிறான் என்றால், இந்த டிவியில் விழுந்து முடித்த பிறகு பக்கத்து டிவியில் அப்போதுதான் தொட்டியை நோக்கி ஜம்பமாக நடந்து வருவான். வாடிக்கையாளர்கள் முதல் டிவியில் சிரிக்க மாட்டார்கள். இரண்டாவது டிவியில்தான் சிரிப்பார்கள். விழப்போகிறான் என்று அவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் படம் எடுக்க வேண்டும் என்று நினைத்து அவர் சேர்த்து வைக்கவில்லை. எங்கள் தெருக்கோடி நூலகக் கட்டடத்தில் குறும்பட வட்டம் என்று ஒன்று இயங்குகிறது. அவர்கள் 'சிரிப்பு மாலை' நடத்தப் போவதாகவும், யார் வேண்டுமானாலும் சின்னதாக ஒரு படம் எடுத்துத் தரலாம் என்றும் வாசலில் ஒட்டியிருந்தார்கள். அண்ணி அதைப் படித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னார்.

"நான் படம் எடுக்கப் போறேன்."

அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மேலே போகிறவர்களையும் கீழே வருகிறவர்களையும் தவிர உலகத்தில் வேறு எதிலும் அக்கறை இல்லாதவன். "நல்ல படமா எடு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். போட்டோ எடுக்கப் போகிறார் என்று நினைத்திருக்கிறான்.

கதையை அண்ணி அன்றைக்கே சொல்லிவிட்டார். கடைப் படங்களில் ஒன்றில் வரும் காட்சியிலிருந்து எடுத்தது. ஒரு வீட்டின் முன்னறை. கதவு திறந்திருக்கிறது. ஒருவர் உள்ளே வருகிறார். இடது பக்கம் எதையோ பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார். இன்னொருவர் வருகிறார், அதே பக்கம் பார்க்கிறார், உட்காருகிறார். வந்துகொண்டே இருக்கிறார்கள். கடைசியில் ஒரு பருத்த மனிதர். நாற்காலி இல்லை. அங்கே இங்கே தேடிவிட்டு, குழந்தைகள் உட்காரும் குட்டி ஸ்டூலைக் காலால் நகர்த்தி, அது தாங்குமா என்று பயந்து பயந்து உட்காருகிறார். நடுவில் ஒரு பெண் தட்டும் டம்ளருமாக வருவதும் போவதுமாக இருக்கிறாள். கேமரா வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கடைசி வரை காட்டவே இல்லை.

அந்த ஸ்டூல் வரும்போதெல்லாம் கடையே சிரிக்குமாம். எதைப் பார்க்கிறார்கள் என்பதில் ஒரு வாரம் விவாதம் நடந்திருக்கிறது. புது டிவி என்று முடிவு செய்தார்கள். டிவிக் கடைக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்? கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்களே என்று யாரோ கேட்டதற்கு, "படம் தெளிவாத் தெரிய வேணாமா?" என்று வாஷிங் மெஷின் பிரிவுக்காரர் சந்தேகத்தைத் தீர்த்து வைத்திருக்கிறார்.

அண்ணியின் படமும் அதேதான். ஒரு வீட்டில் புது டிவி வாங்குகிறார்கள். அக்கம்பக்கத்தினர் ஒவ்வொருவராகப் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் போவதில்லை. வீட்டுக்காரிக்குத் தன் வீட்டிலேயே உட்கார இடமில்லை. டீ கொடுத்துக் கொடுத்துக் களைத்தவள் கடைசியில் வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளுகிறாள். அது காலி. அந்த வீட்டுக்காரர்கள்தான் இவள் வீட்டில் இருக்கிறார்களே. அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. டிவியைக் காட்டுவதும் கிடையாது.

"டிவியைக் காட்டாம எப்படி அண்ணி?" என்றேன்.

"நான் டிவி விக்கிறவ. காட்டிட்டா, இவ்வளவுதானான்னு ஆயிடும். வாங்குறவங்க முகம் கடையில இருக்கிற மாதிரி வீட்ல இருக்காது, தெரியுமா நாத்தனாரே?"

கேமரா என் கையில் வந்தது. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "அசையாம நிக்கச் சொல்றதுதானே உன் பொழைப்பு, நீயே அசையாம பிடி" என்று போனைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரியாக அண்ணியே நடித்தார். வீட்டுக்காரனாக அண்ணன். அவனை நடிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை, உட்காரச் சொன்னால் போதும். தையல்காரர், அவர் மனைவி, எதிர்வீட்டு டீச்சர், அவரோடு சேர்த்து அவர் வீட்டு மாமியார். ஸ்டூல் மனிதராக மாடி வீட்டு லாரி டிரைவர். அவர் உடம்புக்கு எங்கள் வீட்டு ஸ்டூல் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொருவரும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, வெடிக்கப் போகும் பலூன் மாதிரி உள்ளே வருகிறார்கள். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். டிரைவர்தான் உண்மையைச் சொன்னார்.

"உங்க நாத்தனார்தான் ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துப் பிடிங்க, பிடிங்கன்னு சொல்லுது. எவ்வளவு நேரம் பிடிக்கிறது?"

பழக்க தோஷம். பொத்தானை அமுக்குவதற்கு முன் அது என் வாயில் தானாக வந்துவிடும். மறுநாளிலிருந்து அண்ணி என் வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிவிட்டார். அவரே நடித்துக்கொண்டு, நடுவில் "டீச்சர், ரெண்டு துடைப்பு நில்லுங்க! தையல்காரரே, உங்களுக்கு அரைத் துடைப்பு போதும்!" என்று கத்துவார். அந்தக் கத்தல் படத்தில் கேட்டால் என்ன, சத்தத்தை எடுத்துவிடலாமே. படம் எடுத்த நாட்களில் எங்கள் வீட்டில் சிரித்த மாதிரி அதற்கு முன்னால் பல மாதங்களாகச் சிரிக்கவில்லை. அப்பா போன பிறகு அந்த முன்னறையில் யாரும் சத்தமாகப் பேசியதுகூட இல்லை.

முதல் அடி முதலாளியிடமிருந்து வந்தது. விஷயம் காதுக்குப் போய், அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார். கடையிலேயே பெரிய டிவியைக் கொடுத்தனுப்புகிறேன், கடைப் பெயர் ஒட்டியிருப்பது நன்றாகத் தெரிகிற மாதிரி எடு என்றார்.

"இந்தப் படத்துல டிவி வராது சார்."

"டிவி பத்தின படம்னாங்க?"

"ஆமா சார். ஆனா டிவி வராது."

"என் கடையில சம்பளம் வாங்கிட்டு, டிவியைப் பத்திப் படம் எடுத்து, டிவியை ஒளிச்சு வைப்பியா?"

"ஒளிக்கல சார். பாக்கிறவங்க பக்கமா கேமரா இருக்கு, அவ்வளவுதான்."

அவருக்கு அது திமிராகப் பட்டது. மறுநாளே அண்ணியை ஃப்ரிட்ஜ் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கே படமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெள்ளை வெள்ளையாகக் கதவுகள். வேறு யாராக இருந்தாலும் ஒரு மன்னிப்பு கேட்டுத் திரும்பியிருப்பார்கள். அண்ணி வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் மோசமில்ல. கதவைத் திறந்தா லைட் எரியுது. யார் யார் எப்படித் திறக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனவர், வெகுநேரம் கழுவினார். எனக்கு அந்த முதலாளி மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

இரண்டாவது அடிதான் பெரியது. படத்தை எடுத்துக்கொண்டு நானும் அண்ணியும் குறும்பட வட்டத்தின் செயலாளரைப் பார்க்கப் போனோம். காப்பீட்டு முகவர். மரியாதையான மனிதர், வாயைத் திறந்தால் 'ஃப்ரேம்' என்ற வார்த்தை இல்லாமல் மூடமாட்டார், ஆனால் படங்களை நிஜமாகவே நேசிப்பவர். மடிக்கணினியில் படத்தைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"மேடம், இந்தக் காட்சியை எங்கிருந்து எடுத்தீங்க?"

அண்ணி மறைக்கவில்லை. கடையில் பார்த்த படம், பேர் தெரியாது என்றார். செயலாளர் படத்தை நிறுத்தினார். பிறகு, அந்தப் படத்தை அவர் பலமுறை பார்த்திருக்கிறாராம், தேடி எங்களுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

"அதுல அவங்க பாக்கிறது டிவி இல்ல மேடம். பொணம். அந்த வீட்டுப் பெரியவர் இறந்துட்டார். எல்லாரும் துக்கம் விசாரிக்க வர்றாங்க."

"இல்லியே சார், அடுத்த சீன்லயே அவர் சைக்கிள்ல போவாரே?" என்றார் அண்ணி.

"அது பழைய கதை. அவர் உயிரோட இருந்தப்போ நடந்தது."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. செயலாளர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நிதானமாகத்தான் சொன்னார். அந்தப் படம் தெரிந்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள், சாவு வீட்டைக் கிண்டல் செய்ததாக நினைப்பார்கள், மனசு புண்படும். ஒரே வழி, டிவியை ஒருமுறை காட்டிவிடுவது. வேடிக்கையாக ஒரு இசையும் சேர்த்துவிட்டால் இது வேறு படமாகிவிடும். இல்லையென்றால் நிகழ்ச்சியில் சேர்க்க முடியாது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றார் அண்ணி. அவர் யோசிக்கிறேன் என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செயலாளர் அனுப்பிய படத்தை வீட்டில் போட்டோம். அண்ணன், நான், அண்ணி. அண்ணி முதல்முறையாக அந்தப் படத்தின் சத்தத்தைக் கேட்டார். அந்தக் காட்சி வந்தது. கதவு திறந்திருக்கிறது. ஒருவர் உள்ளே வருகிறார். எங்கிருந்தோ ஒரு பெண்ணின் தேம்பல், திரைக்கு வெளியே. வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பாஷை புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. பருத்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் வாய்விட்டு அழுதார். கடையே சிரித்த இடம் அதுதான். அண்ணி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அண்ணன் எழுந்து படத்தை நிறுத்தினான். முகம் கறுத்திருந்தது.

"இதையா காமெடி ஆக்கின? அப்பா போய் வருஷம்கூட ஆகல. என்னையும் உக்கார வெச்சு எடுத்திருக்க. இந்தப் படம் வேணாம். யாருக்கும் காட்ட வேணாம்."

"தெரியாமதானே செஞ்சேன்?"

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல? விட்டுடு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கும் அண்ணன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. செத்தவர் என் அப்பா. அதே முன்னறையில்தான் அவரைக் கிடத்தியிருந்தோம், அதே இடது பக்கம். படம் எடுத்தபோது ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அழுத முகம்தான், ஆனால் குரலில் அழுகை இல்லை.

"அந்தப் படத்துல தட்டு எடுத்துட்டு வர்றாளே ஒருத்தி, அவ உக்காந்தாளா?"

"யாரு?"

"டம்ளர் குடுத்துக்கிட்டே இருப்பாளே. அவ. அவளுக்கும் செத்தவர் மாமனாராத்தான் இருக்கணும். அவ அழுதாளா, உக்காந்தாளா, யாராவது பாத்தாங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சாவு வீடோ டிவி வீடோ, நின்னுக்கிட்டு இருக்கிறது நான்தானே," என்றார் அண்ணி. "நான் யாரையும் கிண்டல் பண்ணல. ஒரு காட்சியும் வெட்ட மாட்டேன். டிவியும் காட்ட மாட்டேன்."

"என்ன பேசறன்னே புரியல," என்று சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று என் கைக்கு டம்ளர் வந்துகொண்டே இருந்தது. கொடுத்த கை யாருடையது என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. அப்பாவின் கடைசி இரண்டு வருஷமும் அவருக்குச் சாப்பாடு ஊட்டிய கை. அன்றைக்கு வந்தவர்கள் எங்கள் தோளைத் தட்டினார்கள், எங்களைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணியிடம் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார்கள்.

நான் அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டேன். மாறியதோடு விடவில்லை, அண்ணனோடு நான்கு நாள் பேசவும் இல்லை.

அந்தப் படத்தை அண்ணி அதற்குப் பிறகும் போட்டுப் பார்த்தார், சத்தத்தோடு ஒருமுறை, சத்தமில்லாமல் ஒருமுறை. கடைசியில் துள்ளி எழுந்து என் அறைக்கு வந்தார்.

"நான் ஏன் ஏமாந்தேன் தெரியுமா? அழ வைக்கிற இடம்னா கிட்டப் போகணும்ல? இந்த ஆளு போகல. சாவு வீட்டைத் தள்ளி நின்னு எடுத்திருக்கான். அதான் நாங்க எல்லாம் சிரிச்சோம். என் சட்டத்தை அந்த ஆளு உடைச்சிருக்கான்."

"அதனால?"

"அதனால நானும் உடைக்கப் போறேன். போனை எடு."

கடைசிக் காட்சியை மட்டும் திரும்ப எடுத்தோம். காலியான பக்கத்து வீடு. அவர் கதவைத் தள்ளி உள்ளே வருகிறார், நாற்காலியைப் பார்க்கிறார், உட்காருகிறார். முன்பு நான் வாசலிலேயே நின்று எடுத்திருந்தேன். இந்தமுறை என்னைக் கிட்டே வரச் சொன்னார். இன்னும் கிட்டே. மூச்சு மேலே படும் அளவுக்கு. அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான். உட்கார்ந்ததும் ஒரு முகம் எப்படி மாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எத்தனை துடைப்பு எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நான் நிறுத்தவும் இல்லை.

செயலாளரிடம் அண்ணி போய் நின்றார். "டிவி வராது சார். இசையும் வராது. சாவு வீட்டுலயும் நாற்காலி பத்தாமதான் போகுது சார், நான் பாத்திருக்கேன். அதைச் சொன்னா யாருக்கும் மனசு புண்படாது. பட்டா, என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முடியாது என்றார். அண்ணி ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் மனிதர் இறங்கி வந்தார், பாதி தூரம் மட்டும். "எல்லாப் படமும் முடிஞ்ச அப்புறம், கடைசியாப் போடறேன். இருக்கிறவங்க பாக்கட்டும். யாராவது சண்டைக்கு வந்தா நான் பொறுப்பில்ல."

"போதும் சார்," என்றார் அண்ணி.

சிரிப்பு மாலை அன்று நூலக மாடியில் நல்ல கூட்டம். முன்வரிசையில் பெரிய மனிதர்கள். எங்கள் நடிகர்கள் எல்லோரும் ஒரே வரிசையில், டிரைவர் மட்டும் ஓரத்தில், இரண்டு நாற்காலியில். அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வந்தன. ஆட்கள் வழுக்கி விழுந்தார்கள், மாவைக் கொட்டிக்கொண்டார்கள், ஒவ்வொரு தடவை விழும்போதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். கூட்டமும் சிரித்தது. நான்கூடச் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

கடைசிப் படத்துக்கு முன்னால் நன்றி சொல்லிவிட்டார்கள். நன்றி சொன்னால் யார் உட்காருவார்கள்? நாற்காலிகள் கிரீச்சிட்டன. பாதிப் பேர் எழுந்து பைகளைத் தேடும்போது திரையில் எங்கள் முன்னறை வந்தது. கதவு திறந்திருந்தது. சத்தமே இல்லை.

தையல்காரர் உள்ளே வந்தார், இடது பக்கம் பார்த்தார், உட்கார்ந்தார். டீச்சர் வந்தார். சத்தம் வராததால் ஏதோ கோளாறு என்று நினைத்து நின்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் நகரவில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சிரிப்பு ஸ்டூலுக்கு வரவில்லை. நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் வந்தது. திரையில் அண்ணி ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்காரப் போகிறார், கால் பாதி மடங்கிவிட்டது, அப்போது அண்ணன் திரும்பிப் பார்க்காமலே காலி டம்ளரை நீட்டுகிறான். அவர் மடங்கிய காலை நிமிர்த்திக்கொண்டு அதை வாங்குகிறார். பின்வரிசையில் ஒரு பெண் 'ஹா' என்று வெடித்தாள். அடுத்து இன்னொருத்தி. அடுத்த தடவை அண்ணி நாற்காலியை நெருங்கும்போதே பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது, டம்ளர் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டூல் வந்தபோது ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

பிறகு பக்கத்து வீடு. அண்ணி உட்கார்ந்தார். கேமரா கிட்டே போனது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சிரிப்பின் நடுவிலேயே அடங்கியது. அந்த அமைதியை நான் எந்த எக்ஸ்ரே அறையிலும் கேட்டதில்லை. யாரும் மூச்சு விட்ட மாதிரி தெரியவில்லை, நான் பிடிக்கச் சொல்லவும் இல்லை.

விளக்கு போட்டதும் கைதட்டல். செயலாளர் வேகமாக வந்து அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தார். "அந்த டிவி எத்தனை இன்ச் மேடம்?" என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் குறுக்கே புகுந்து கேட்டார். அண்ணி கூசாமல், "உங்க வீட்டு வாசல்ல நுழையாது சார்," என்றார்.

படியிறங்கி வந்தால் வாசலில் அண்ணன். வரமாட்டேன் என்றவன் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி நின்று பார்த்திருக்கிறான். எங்களோடு சேர்ந்து நடந்தான். நான் ஏதாவது குத்தலாகச் சொல்ல நினைத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

"அப்பா போன அன்னைக்கு," என்று ஆரம்பித்து நிறுத்தினான். "நீ உக்காரவே இல்லியா?"

"இப்பதான் பாத்தீங்களா?"

"இன்னைக்குதான் பாத்தேன்."

"அதுக்குத்தான் எடுத்தேன்," என்றார் அண்ணி, நடையைக் குறைக்காமல்.